இயாகோ சொன்னது பொய், கொன்றது ஒதெல்லோ

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் டெஸ்டிமோனாவைக் கொன்றது யார் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை ஒன்றுதான்: கை ஒதெல்லோவுடையது, கொலை இயாகோவுடையது. வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் விடை இது. 1963இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த ஒதெல்லோ காட்சியின் வழியாகவே இந்த நாடகத்தைத் தெரிந்துகொண்ட தமிழர்கள் பலர். அவர்களிடம் கேட்டாலும் “பாவம், நல்ல மனுஷன், அந்தச் சண்டாளன் பேச்சைக் கேட்டுக் கெட்டான்” என்றுதான் பேச்சு முடியும். மனைவியைப் படுக்கையிலேயே மூச்சை அடைத்துக் கொன்றவனுக்காக நாம் கண்ணீர் விடுகிறோம். செத்தவளுக்காக விடும் கண்ணீர்கூட அவன் இழப்பின் கணக்கில்தான் சேர்கிறது.

இந்த விடையை நான் மறுக்கிறேன். மனைவிக்கும் துணைத் தளபதி காசியோவுக்கும் உறவு என்று, தன் கொடி தாங்கும் அதிகாரி இயாகோ சொன்ன பொய்யில் வெனிஸின் தளபதி ஒதெல்லோ ஏமாந்தான் என்பதில் சந்தேகமில்லை. ஏமாற்றியவன் கொடியவன் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் ஏமாந்தவன் என்பதாலேயே கொலையின் பொறுப்பு அவன் தலையிலிருந்து இறங்கிவிடுமா? இறங்காது. நாடகத்தை வரிசையாகப் படித்தால் ஷேக்ஸ்பியரும் அதை இறக்கி வைக்கவில்லை என்பது தெரியும்.

பழைய விடைக்குப் பின்னால் பெரிய பெயர்கள் நிற்கின்றன. இயாகோவின் வன்மம் காரணமே இல்லாத வன்மம் என்றார் கோலரிட்ஜ். ஒதெல்லோவிடம் இருந்ததைப் பொறாமை என்று சொல்லவும் அவர் மறுத்தார். 1904இல் வெளியான தம் புகழ்பெற்ற ஷேக்ஸ்பியர் நூலில் ஏ.சி. பிராட்லி, ஒதெல்லோ இயல்பில் சந்தேகப்படுகிறவன் அல்லன், அவன் இடத்தில் யார் இருந்தாலும் கலங்கித்தான் போயிருப்பார்கள் என்று வாதாடினார். 1937இல் எஃப்.ஆர். லீவிஸ் அதைக் கடுமையாகத் தாக்கினார். கேடு ஒதெல்லோவுக்குள்ளேயே இருந்தது, தன்னைப் பற்றித் தானே கட்டிக்கொண்ட உயர்ந்த பிம்பத்தில் மயங்கியவன் அவன், இயாகோ அதைத் தட்டி எழுப்பினான், அவ்வளவே என்பது லீவிஸின் கட்சி. இருவரும் சண்டையிட்டது ஒதெல்லோவின் குணத்தைப் பற்றி. அந்தச் சண்டையில் யார் வென்றாலும் எனக்குக் கவலையில்லை. அவன் சந்தேகப் பிராணியா இல்லையா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: சந்தேகம் உறுதிப்பட்ட பிறகு, அவள் சாக வேண்டும் என்று முடிவு செய்தது யார்?

எந்தத் தண்டனைத் தீர்ப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. இன்னது நடந்தது என்பது ஒன்று. நடந்ததற்கு இன்னது தண்டனை என்பது இன்னொன்று. இயாகோ பொய் சொன்னது முதற்பகுதியில். இரண்டாம் பகுதியை அவன் தொடவே வேண்டியிருக்கவில்லை. அது ஒதெல்லோவிடம் தயாராக இருந்தது.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியைப் பாருங்கள். காட்சி தொடங்கும்போது ஒதெல்லோவுக்கு மனைவிமேல் துளிச் சந்தேகம் இல்லை. முடியும்போது அவளுக்கு மரணம் விதித்துவிடுகிறான். நடுவில், கண்ணால் காணும்படியான சாட்சி கொடு, இல்லாவிட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று இயாகோவை மிரட்டுகிறான். கிடைத்த சாட்சி என்ன? காசியோ தூக்கத்தில் உளறினான் என்று ஒரு கதை. டெஸ்டிமோனாவின் கைக்குட்டையால் அவன் தாடியைத் துடைத்துக்கொண்டான் என்று ஒரு வார்த்தை. இரண்டும் இயாகோவின் வாயிலிருந்து வந்தவை, கண் எதையும் காணவில்லை. மண்டியிட்டுப் பழிவாங்கச் சபதம் செய்யும் ஒதெல்லோ, மூன்று நாளுக்குள் காசியோ உயிரோடில்லை என்ற செய்தி வர வேண்டும் என்று இயாகோவுக்குக் கட்டளையிடுகிறான். இயாகோ ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்டு, அவளை மட்டும் உயிரோடு விட்டுவிடுங்கள் என்கிறான். ஒதெல்லோ அவளைச் சபித்துவிட்டு, அவளைச் சீக்கிரம் கொல்லும் வழி தேடப் போகிறேன் என்று கிளம்புகிறான்.

இயாகோ அப்படிச் சொன்னது இரக்கத்தால் அல்ல, தந்திரத்தால். அது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தந்திரம் ஏன் பலித்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. நடத்தை தவறிய மனைவி சாக வேண்டியவள் என்ற விதியை இயாகோ ஒரு முறைகூட வாதாடி நிறுவவில்லை. எதிரே நிற்பவன் அந்த விதியை மூச்சுக்காற்றைப் போல வைத்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும். நான்காம் அங்கத்தில் விஷம் கேட்பவன் ஒதெல்லோ. விஷம் வேண்டாம், படுக்கையிலேயே கழுத்தை நெரியுங்கள் என்று யோசனை சொல்பவன் இயாகோ. அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று மகிழ்ந்து ஏற்பவன் மறுபடியும் ஒதெல்லோ. அந்த யோசனைக்காக இயாகோவை எவ்வளவு வேண்டுமானாலும் தண்டிக்கலாம். ஆனால் வழியைத் திருத்திக் கொடுத்தவன், போக வேண்டிய இடத்தை முடிவு செய்தவன் ஆகிவிட மாட்டான்.

பழைய விடையின் அடியில் கிடக்கும் அழுக்கு இப்போது வெளியே வருகிறது. டெஸ்டிமோனா மாசற்றவள், ஆகவே இந்தக் கொலை கொடுமை என்கிறார்கள். மாசுள்ளவளாக இருந்திருந்தால்? இயாகோ சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்து, கைக்குட்டையை அவளே காசியோவுக்குக் கொடுத்திருந்தால், ஒதெல்லோ செய்தது சரியாகிவிடுமா? ஆகாது என்றால் இயாகோவின் பொய், கொலையின் குற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. ஆகும் என்று தயங்குகிறவர்கள் ஒதெல்லோவுக்காக அல்ல, ஒதெல்லோவின் விதிக்காகக் கண்ணீர் விடுகிறார்கள்.

ஷேக்ஸ்பியர் இதை நாடகத்துக்குள்ளேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். இயாகோவின் சூழ்ச்சியால் காசியோவிடம் சேர்ந்த அதே கைக்குட்டை பியாங்காவின் கைக்குப் போகிறது. பியாங்கா, கதை நடக்கும் சைப்ரஸில் அவனோடு பழகுகிற பெண், சமூகத்தில் மதிப்பில்லாதவள். இது வேறொரு பெண் தந்த பரிசு என்று அவள் உடனே சந்தேகப்படுகிறாள். தெருவில் நின்று சண்டை போடுகிறாள், கைக்குட்டையை அவன்மேல் திருப்பி எறிகிறாள். எறிந்துவிட்டு, இன்று இரவு சாப்பிட வருவதென்றால் வா, இல்லாவிட்டால் போ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறாள். அதே துணி, அதே சந்தேகம், பொறாமையும் குறைவில்லை. கொலை மட்டும் இல்லை. கைக்குட்டைக்கு மனிதரைக் கொலைகாரராக்கும் சக்தி இருந்தால் பியாங்காவும் கத்தி எடுத்திருக்க வேண்டும்.

டெஸ்டிமோனாவை அடைய ஆசைப்பட்ட ரொடெரிகோவையும் பாருங்கள். இயாகோவிடம் ஒதெல்லோவைவிட நீண்டகாலம் ஏமாந்தவன் அவன். பணத்தையும் நகையையும் அவனிடம் கொட்டிக் கொடுத்து, கடைசியில் அவன் பேச்சைக் கேட்டு இருட்டில் காசியோவைக் கொல்லப் பாய்கிறான். முயற்சி தோற்று அடிபட்டு விழுந்ததும் தன்னைத்தானே கயவன் என்று திட்டிக்கொள்கிறான். ஏமாந்து கொலைக்குத் துணிந்த இந்த மனிதனுக்காக எந்த விமர்சகரும் உருகியதில்லை. அவனை முட்டாள் என்கிறோம், குற்றவாளி என்கிறோம். சரிதான். அதே அளவுகோல் தளபதிக்கு மட்டும் ஏன் வளைகிறது? ரொடெரிகோவுக்குக் கம்பீரமான வசனம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏமாந்தவனை மன்னிக்கும் முன், உண்மையை அறிய அவன் என்ன முயற்சி எடுத்தான் என்று கேட்க வேண்டும். இந்த இடத்தில் ஷேக்ஸ்பியர் ஒதெல்லோவுக்குத் தப்பவே வழி வைக்கவில்லை. முதல் அங்கத்தில் குற்றம் சாட்டப்பட்டு நின்றவன் அவனே. தன் மகளை மருந்தும் மந்திரமும் வைத்து மயக்கிவிட்டான் என்று செனட்டர் பிரபான்ஷியோ வெனிஸின் ஆட்சிமன்றத்தில் புகார் சொல்கிறார். சொல்பவர் பெரிய இடத்து மனிதர், சொல்லப்பட்டவன் அந்நியன். ஆனாலும் வெறும் குற்றச்சாட்டு நிரூபணம் ஆகாது என்கிறார் டியூக். அந்தப் பெண்ணையே அழைத்துவாருங்கள், தந்தையின் எதிரிலேயே பேசட்டும், என்மேல் தவறு இருந்தால் உயிரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான் ஒதெல்லோ. டெஸ்டிமோனா வருகிறாள், பேசுகிறாள், அவள் சாட்சியால் அவன் மீள்கிறான்.

ஐந்தாம் அங்கத்தில் அதே உரிமையை அவள் கேட்கிறாள். கைக்குட்டையை நான் தரவில்லை, காசியோவை அழைத்துக் கேளுங்கள் என்கிறாள். அவன் வாயை அடைத்தாகிவிட்டது என்று பதில் வருகிறது. என்னை நாடு கடத்துங்கள், கொல்லாதீர்கள் என்கிறாள். நாளைக்குக் கொல்லுங்கள், இன்றிரவு விடுங்கள் என்கிறாள். அரைமணி நேரம் கேட்கிறாள். ஒரே ஒரு பிரார்த்தனைக்கு நேரம் கேட்கிறாள். எதுவும் கிடைக்கவில்லை. விசாரணையின் அருமை தெரியாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது. அதனால் பிழைத்தவனே அவன். தனக்குக் கிடைத்ததை அவளுக்குத் தர மறுத்தான்.

இடையில் அவன் சாட்சி விசாரித்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. டெஸ்டிமோனாவின் தோழியும் இயாகோவின் மனைவியுமான எமிலியாவைக் கூப்பிட்டுக் கேட்டான். டெஸ்டிமோனா உத்தமி, இதற்கு என் ஆன்மாவையே பணயம் வைக்கிறேன் என்று அவள் உறுதியாகச் சொன்னாள். அந்தச் சாட்சியம் ஏற்கெனவே எழுதிவிட்ட தீர்ப்போடு ஒத்துவரவில்லை. ஆகவே சாட்சி சொன்னவளைக் கூட்டிக்கொடுப்பவள் என்று ஏசி ஒதுக்கினான். வெனிஸிலிருந்து வந்த லொடோவிகோவின் கண்ணெதிரிலேயே மனைவியை அறைந்தான். அந்த அறையை எந்தக் கைக்குட்டையும் கேட்கவில்லை.

இன்னும் உறுதியான சான்று நாடகத்துக்கு வெளியே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோ 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலிருந்து. அதில் மூர் தளபதியும் அவனுடைய கொடி தாங்கும் அதிகாரியும் கூட்டாகத் திட்டமிடுகிறார்கள். மறைந்திருந்து வெளியே வரும் அதிகாரி மணல் நிரப்பிய காலுறையால் அவளை அடித்துக் கொல்கிறான், கணவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு இருவருமாகக் கூரையை இடித்து விழவைத்து, விபத்து என்று ஊரை நம்பவைக்கிறார்கள். கொலைப் பழியை இயாகோமேல் போட ஷேக்ஸ்பியர் விரும்பியிருந்தால் ஒரு வேலையும் செய்திருக்க வேண்டாம். மூலக்கதையை அப்படியே விட்டிருந்தால் போதும். அவர் செய்தது நேர் எதிரானது. இயாகோவை அறையை விட்டு வெளியேற்றினார். படுக்கையருகே கணவனைத் தனியே நிறுத்தினார். உறங்குகிறவளை முத்தமிடவும், யோசிக்கவும், திரும்பிப் போகவும் அவனுக்கு நேரம் கொடுத்தார். கைகளையும் அவனுடையதாகவே ஆக்கினார். இத்தனையும் செய்த ஒரு நாடகாசிரியரிடம், கொன்றவன் இயாகோதான் என்று நாம் வந்து சொல்கிறோம்.

1604 நவம்பர் 1ஆம் தேதி லண்டனில் அரசவையில் நடிக்கப்பட்ட நாடகம் இது. ஆறு ஆண்டுகள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் அதைப் பார்த்த ஹென்றி ஜாக்சன் என்பவர் லத்தீனில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. டெஸ்டிமோனாவைக் கணவனால் கொல்லப்பட்டவள் என்றே அவர் குறிப்பிடுகிறார். செத்துக் கிடந்தபோது அவள் முகமே பார்ப்பவர்களின் இரக்கத்தை யாசித்தது என்கிறார். கோலரிட்ஜும் பிராட்லியும் வருவதற்கு முன் பார்வையாளரின் கண் சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. இயாகோ சாமானியன் அல்லன். காசியோ, ரொடெரிகோ, சொந்த மனைவி எமிலியா என்று எல்லோரையும் நம்பவைத்தவன், அவனிடம் யார்தான் தப்ப முடியும் என்பார்கள். உண்மை. எல்லோரும் அவனை நம்பினார்கள். எல்லோரும் மனைவியைக் கொல்லவில்லை. நம்பியதற்குப் பொறுப்பை அவனோடு பங்கிட்டுக்கொள்ளலாம், செய்ததற்குப் பங்காளி கிடையாது. இயாகோவின் குற்றமும் இதனால் குறையாது. அவன் செய்த தூண்டுதலுக்கு அவன் முழுப் பொறுப்பு. ரொடெரிகோவையும் எமிலியாவையும் தன் கையால் குத்திக் கொன்றதற்கும் அவனே முழுப் பொறுப்பு. குற்றம் சொத்து அல்ல, ஒருவனுக்கு அதிகம் கொடுத்தால் மற்றவன் பங்கு குறைவதற்கு.

இன்னொரு தயக்கம் நியாயமானது. ஒதெல்லோ வெள்ளையர் நாட்டில் வாழும் கறுப்பினத்தவன். கொலையை அவன்மேல் வைத்தால், கறுப்பர்கள் மூர்க்கர்கள் என்ற நிறவெறிப் பேச்சுக்குத் துணைபோவதாகாதா? ஆகாது. அவனுடைய விதி ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததல்ல. தன்னை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றுவாள் என்று முதல் அங்கத்திலேயே எச்சரித்தவர் பிரபான்ஷியோ, வெனிஸின் செனட்டர். பெண்ணின் உடல் தந்தையிடமிருந்து கணவனுக்குக் கைமாறும் உடைமை என்ற எண்ணத்தில் வெனிஸும் அதன் தளபதியும் ஒரே கட்சி. பார்க்கப்போனால், கள்ளங்கபடமற்ற அப்பாவி, சொன்னதையெல்லாம் நம்பிவிட்டான் என்ற பரிவுதான் அவனைக் குழந்தையாக்குகிறது. படைகளை நடத்தியவன், செனட்டில் தனக்காகத் தானே வாதாடி வென்றவன், மனைவி விஷயத்தில் மட்டும் பொம்மையாகிவிட்டான் என்பதில் மரியாதை எங்கே இருக்கிறது? கறுப்பின நடிகர்கள் இந்த வேடத்தை ஏற்கத்தான் வேண்டுமா என்று ஒருகாலத்தில் கேட்ட ஹியூ குவார்ஷி, 2015இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக அதை ஏற்று நடித்தார். இயாகோவாக நடித்த லூசியன் ம்சமாட்டியும் கறுப்பினத்தவர். ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் ஒரே நிறம் என்றானபின், ஏமாறும் குணத்தை நிறத்தில் தேட வழியில்லை.

சட்டமும் நெடுங்காலம் ஒதெல்லோவின் பக்கமே சாய்ந்திருந்தது. 1707இல் மாக்ரிட்ஜ் வழக்கின் தீர்ப்பில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஹோல்ட், பிறன் மனைவியைக் கூடுவது சொத்துரிமை மீறல்களிலேயே தலையாயது என்றார். கையும் களவுமாகப் பிடித்துக் கள்ளக்காதலனைக் கொல்லும் கணவனின் குற்றத்தை ஒரு படி குறைத்தார். இயற்றப்பட்ட சட்டமாக இங்கிலாந்து இதைத் திருத்திக்கொண்டது 2009இல்தான்: துணையின் பாலியல் துரோகத்தை, கட்டுப்பாடு இழக்கவைத்த தூண்டுதலாகக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று அந்த ஆண்டின் சட்டம் சொன்னது. சட்டம் கைவிட்ட பரிவை இலக்கிய வகுப்பு இன்னும் போற்றி வளர்க்கிறது. பழைய சட்டத்தின்படிகூட ஒதெல்லோ தேறமாட்டான் என்பது வேறு விஷயம். அவன் யாரையும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. ஆறுவதற்கு அவனுக்கு நேரமும் நிறைய இருந்தது.

கடைசிக் காட்சியில் அவன் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். சாகும் தறுவாயில் டெஸ்டிமோனா, யாரும் கொல்லவில்லை, நானேதான் என்று பொய் சொல்லிக் கணவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அந்தப் பொய்யை ஒரு கணம் பிடித்துக்கொள்ளும் ஒதெல்லோ, அடுத்த கணமே, பொய் சொல்லி நரகம் போனாள், கொன்றவன் நான்தான் என்று அறிவிக்கிறான். கொலை நியாயமானது என்று நம்பும்வரை அது அவனுடையது. அவள் குற்றமற்றவள் என்று தெரிந்ததும், இந்தப் பிசாசு ஏன் என்னைச் சிக்கவைத்தான் என்று கேளுங்கள் என்கிறான். தன்னை நரகத் தீயில் வாட்டும்படி அவன் அலறுவதும் உண்மைதான். அந்த வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கௌரவத்துக்காகக் கொன்றவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். இறுதி உரையில் தன்னை அளவுமீறி நேசித்தவன் என்றும், எளிதில் பொறாமை கொள்ளாதவன் என்றும் பதிவுசெய்யச் சொல்கிறான். விலைமதிப்பற்ற முத்தை அறியாமல் எறிந்தவனோடு தன்னை ஒப்பிடுகிறான். முத்தை எறிந்தவனுக்கு நேர்வது நஷ்டம். டெஸ்டிமோனாவுக்கு நேர்ந்ததற்குப் பெயர் வேறு.

அவனுக்கு முன்னாலேயே எமிலியா வேறு வழியைக் காட்டிவிட்டாள். கைக்குட்டையை எடுத்து இயாகோவிடம் கொடுத்தவள் அவள். அது எங்கே என்று டெஸ்டிமோனா தவித்தபோது வாய் திறக்காதவளும் அவளே. அவளும் ஏமாந்தவள். உண்மை விளங்கியதும், கணவன் உருவிய கத்தியோடு நிற்கும்போதே தன் செயலையும் அவன் செயலையும் சபையில் போட்டு உடைத்துவிட்டு உயிரைக் கொடுக்கிறாள்.

தமிழ் வாசகருக்கு இந்த வழக்கு புதிதும் அல்ல. ஓர் அணிகலன், ஒரு பொய்யன், விசாரிக்காமல் பறிக்கப்பட்ட ஓர் உயிர் என்று சிலப்பதிகாரம் இதே கணக்கைப் போட்டிருக்கிறது. பொற்கொல்லனின் சூழ்ச்சி இயாகோவினுடையதற்குக் குறைந்ததல்ல. ஆனால் கண்ணகியின் சிலம்பு உடைந்த கணத்தில் பாண்டியன், பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட தன்னையே கள்வன் என்று சொல்லி விழுந்து சாகிறான். ஏமாற்றியவனை நோக்கி விரலை நீட்டவில்லை. ஏமாந்து ஆணையிட்ட தன்னை நோக்கி நீட்டினான். நாம் பாண்டியனை மதிப்பது அதற்காகத்தான். அவனிடம் எதிர்பார்த்ததை ஒதெல்லோவிடமும் எதிர்பார்ப்பது அதிகமாகாது.

இப்படிப் படித்தால் நாடகம் சிறுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பெரிதாகத்தான் ஆகும். சூதில் சிக்கிய அப்பாவியின் கதை விபத்துச் செய்தி, படித்துவிட்டு உச்சுக்கொட்டலாம். அன்பும் வீரமும் பேச்சுவன்மையும் உள்ள ஒருவன், தன் கௌரவம் ஒரு பெண்ணின் உடலில் இருக்கிறது என்ற நம்பிக்கையைக் கடைசிவரை கேள்வி கேட்காமல் வைத்திருந்து, அதற்காக அவளையே பலியிட்டான் என்பதுதான் துன்பியல். பலியிட வந்த என்னைக் கொலைகாரனாக்குகிறாளே என்று அவன் அவள்மேலேயே கோபப்படுகிறான். அந்த இடத்தில்தான் எனக்கு நடுக்கம் வருகிறது, இயாகோவின் தனிமொழிகளில் அல்ல.

இயாகோ ஏன் இப்படிச் செய்தான் என்று நானூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு அவன் பதில் சொல்லமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டான். ஒதெல்லோ மறைக்கவில்லை. இவளைச் சாகவிடாவிட்டால் இன்னும் பல ஆண்களை ஏமாற்றுவாள் என்று, படுக்கையருகே நின்று காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். காரணம் சொல்லாதவனைக் குடைந்தது போதும். சொன்னவனின் காரணத்தைக் கூண்டில் ஏற்றுங்கள். அதை இன்றும் பல வீடுகளில் பல ஆண்கள், இயாகோ யாரும் பக்கத்தில் இல்லாமலே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.